பாலத்தில் முப்பத்தொரு முகங்கள்

அந்தப் பாலத்தில் பத்துச் சிலைகள் உண்டு. பத்துக்கும் காது கழுவிவிட்டவள் அந்த ஊரில் ஒருத்திதான். நகரசபைச் சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் வடகரையிலும் சரி தென்கரையிலும் சரி, ஏணிக்காரி என்றால்தான் தெரியும். பதினெட்டு அடி மர ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் நடந்து வந்தால் சைக்கிள்காரர்கள் தாங்களாகவே தலையைக் குனிந்துகொள்வார்கள். குனியாதவனுக்கு ஒருமுறை நெற்றி வீங்கியது. "ஏணிக்குக் கண்ணு இல்ல, உனக்கு இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

வேலைக்கு வந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் போனார்கள். இருவரையும் அடையாளம் காட்டச் சொன்னபோது, அம்மாவின் செருப்பை மட்டும்தான் அவளால் காட்ட முடிந்தது. வீட்டில் ஆறு வயதுத் தம்பி. மறுவாரம் நகரசபை வாசலில் போய் நின்றாள். நான்கு நாள் விரட்டிப் பார்த்த ஓவர்சியர் ஐந்தாம் நாள் சலித்துப்போய்க் கேட்டார்.

"உயரம்னா பயமா உனக்கு?"

"பசியை விடவா சார்?"

அன்று மதியமே ஏணியும், ஒரு வாளியும், மூன்று தூரிகைகளும் கைக்கு வந்தன. அதற்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் நீதிபதி சிலையின் தோளிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது நீதிபதியின் தோளில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பாலத்துக்குப் பதினான்கு வளைவுகள். நானூறு வருடத்துக் கட்டுமானம். கறுப்புக் கல்லை மலையிலிருந்து உருட்டிக் கொண்டுவந்தவர்கள் போரில் பிடிபட்ட கைதிகள். மூன்றாவது தூணின் உள்பக்கம், தண்ணீர் வற்றும் மாதங்களில் மட்டும் வெளியே தெரியும் இடத்தில், யாரோ உளியால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார்கள். செத்தவர்களின் கணக்கு என்று தென்கரைக்காரர்கள் சொன்னார்கள். கல்தச்சனின் கூலிக் கணக்கு என்று வடகரைக்காரர்கள் சொன்னார்கள். ஏணிக்காரி எண்ணிப் பார்த்திருக்கிறாள்: இருநூற்றுப் பன்னிரண்டு. கூலிக்குக் கோடு போடுகிறவன் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கையை ஏன் செதுக்குகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

சிலைகளிலும் சாந்தமானது என்று எதுவும் இல்லை. துடுப்பை ஓங்கிய படகுக்காரி. ஒருவன் கழுத்தை ஒருவன் நெரிக்கும் இரண்டு மல்லர்கள். முகமூடி போட்ட தலைவெட்டி. அவன் கோடரியில் குருவி கூடு கட்டும். நீதிபதி மட்டும் சிவப்புக் கல். பழைய நீதிபதியை, பின்னாளில் வந்த ஒரு போரில் பின்வாங்கிய படை நாலாவது தூணோடு சேர்த்து வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. அப்போது தூண் மேல் நின்றிருந்த பதினேழு அகதிகளும் அவரோடு ஆற்றில் விழுந்தார்கள். போர் முடிந்து பாலத்தைத் திருப்பிக் கட்டியபோது கறுப்புக் கல் கிடைக்கவில்லை. கிடைத்த சிவப்பு மணற்கல்லில் ஒரு புது நீதிபதியைச் செய்து நிறுத்தினார்கள். மழைக்கு மழை அவர் உதிர்ந்தார். தூரிகை போட்டால் வாளியில் செக்கச் செவேலென்று மணல் படியும். சட்டச் சுருளைப் பிடித்திருந்த அவருடைய வலது மணிக்கட்டில் விரிசல் விட்டிருந்தது. ஏணிக்காரி பதிவேட்டில் ஆறு தடவை எழுதினாள். பதில் வராததால் கம்பியை முறுக்கித் தானே கட்டுப் போட்டாள்.

பத்தில் பெரியது குதிரை மேல் உட்கார்ந்த தளபதி. இருநூறு வருடத்துக்கு முன்பு தென்கரைக்காரர்கள் பாலச் சுங்கம் கட்ட மாட்டோம் என்று கூடி நின்றபோது, வடகரையிலிருந்து குதிரைப்படையோடு வந்தவர் அவர். பாலத்தின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, நடுவில் அகப்பட்டவர்களைக் கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றி வெள்ளத்தில் தள்ளினார்கள். நீந்தி வந்தவர்களைக் கரையில் ஈட்டியோடு காத்திருந்தவர்கள் கவனித்துக்கொண்டார்கள். அந்த வெற்றிக்குத்தான் சிலை. குதிரையின் குளம்புக்குக் கீழே பீடத்தைச் சுற்றி அலை அலையாக ஒரு பட்டை. எல்லோரும் அதை ஆற்று அலை என்றே நினைத்திருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், பாசியும் கரியும் கெட்டித்துப் போயிருந்த அந்தப் பட்டையை அவள் மூங்கில் சிம்பால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சிம்பு ஒரு பள்ளத்தில் இறங்கியது. தண்ணீர் ஊற்றினாள். கண். அதற்குக் கீழே திறந்த வாய். மிளகு அளவு பல். அன்று மாலை வரை சுரண்டியும் நான்கு முகம்தான் வெளியே வந்தது. பட்டை முழுவதையும் முடிக்க இரண்டு மாதமானது. மொத்தம் முப்பத்தொன்று. ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒரு பெண்ணின் மூக்கில் மச்சம். ஒரு கிழவருக்குக் காது பாதி இல்லை. ஒரு குழந்தை கண்ணை இறுக்கி மூடியிருந்தது. தளபதியின் புகழுக்குச் சிலை செய்யச் சொன்னவர்களின் காசையே வாங்கிக்கொண்டு, அவர் தள்ளிவிட்டவர்களை அவர் குதிரைக் காலடியிலேயே செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் சிற்பி. அந்தச் சிற்பி எந்தக் கரைக்காரன் என்று யாருக்கும் தெரியாது.

ஓவர்சியரிடம் சொன்னாள். "பதிவேட்டில எழுதிடு" என்றார். எழுதினாள்: குதிரைச் சிலை, பீடம், முகம் முப்பத்தொன்று, மூக்கு உடைந்தது இரண்டு. அதை யாரும் படிக்கவில்லை. தம்பியிடமும் சொன்னாள். அவனுக்கு அப்போது லாரி எஞ்சின் பைத்தியம். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான்.

அவளுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் "தம்பி எங்கே இருப்பான்?" என்று கேட்டாள்; இரண்டு பேச்சும் அங்கேயே நின்றது. தம்பி வளர்ந்தான், மெக்கானிக் ஆனான், கல்யாணம் பண்ணிக்கொண்டான், ஒரு பெண் குழந்தைக்கு அப்பனானான். கோபக்காரன், ஆனால் கோபம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனோடு ஒட்டிக்கொண்டிருந்த கூட்டாளி ஒருவன் இருந்தான். தகரப் பட்டறை வைத்திருந்தான். அடிக்கிற தகரம் மாதிரியே குரல். அதனால் அவன் பெயரும் தகரம். "அக்கா, சோறு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைவான். அந்தக் குரலைக் கேட்டதுமே அவள் இன்னொரு தட்டை எடுத்துவிடுவாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயதான வருடம், வடகரைப் பெரிய மனிதர்கள் தளபதியின் வெற்றிக்கு இருநூறாவது ஆண்டு கொண்டாடப் புறப்பட்டார்கள். தளபதியின் வாளுக்குத் தங்க முலாம் பூசினார்கள். தென்கரையில் கொதித்துவிட்டது. ஊர்வலம் போனவர்களைக் காவலர்கள் சந்துக்குள் விரட்டி அடித்ததில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவன் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவன். தலையில் தடி விழுந்தபோது அவன் கையில் மாவு கூடக் காயவில்லை.

அந்த இரண்டு பேரையும் புதைத்துவிட்டுக் கூட்டம் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பாலத்துக்கு வந்தது.

காலை பத்தரை மணி இருக்கும். முலாம் பூசியவர்கள் சிந்திவிட்டுப் போன பசையைத் துடைக்கச் சொல்லி ஏணிக்காரியை அனுப்பியிருந்தார்கள். குதிரையின் கழுத்தில் ஏணியைச் சாய்த்து மேலே நின்றிருந்தாள். முதலில் சத்தம் வந்தது. அப்புறம் ஆட்கள் வந்தார்கள். கயிறு, சம்மட்டி, கடப்பாரை. முன்னால் தகரம். அவனுக்குப் பக்கத்தில், கடப்பாரையோடு, தம்பி.

தம்பி அண்ணாந்து பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"அக்கா! இறங்கு! இங்க என்ன பண்ற நீ?"

"வேலை பண்றேன். நீ என்ன பண்ற?"

"விளையாடாதக்கா. இறங்கு. இவனைத் தள்ளப் போறோம்."

"இவன் போனாப் போறான்டா. பீடத்தை உடைக்காதீங்க. குளம்புக்குக் கீழே பாரு. நம்ம ஆளுங்க முகம் இருக்கு. தண்ணியில தள்ளினாங்களே, அவங்க. முப்பத்தொரு பேர். இதை உடைச்சா அவங்களை மறுபடியும் கொன்ன மாதிரி."

கூட்டத்தில் சிரித்தார்கள். "வடகரைச் சம்பளம் பேசுது!" என்று ஒருவன் கத்தினான். ஒரு கல் வந்து அவள் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் இறங்கவில்லை. குதிரையின் பிடரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "கையை வச்சுப் பாருடா! தடவிப் பாரு!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

தம்பி கடப்பாரையைக் கீழே வைத்தான். கையை நீட்டிப் பட்டையைத் தடவினான். விரல் ஒரு வாய்க்குள் போனது. குனிந்தான். ஒரு முகம், அடுத்த முகம், அதற்கடுத்தது. பிறகு சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பி, முதுகு பீடத்தில் பட நின்று, இரண்டு கையையும் விரித்தான்.

"நிறுத்துங்க! அக்கா சொல்றது உண்மை. கொஞ்சம் பொறுங்க, முதல்ல இதைப் பாருங்க!"

யாரும் பொறுக்கவில்லை. பின்னாலிருந்தவர்களுக்கு அவன் சொன்னது காதில் விழவில்லை; முன்னாலிருந்தவர்களைப் பின்னாலிருந்தவர்கள் நெட்டினார்கள். யாரோ ஏணியின் காலைப் பிடித்து இழுத்தார்கள். தம்பியின் விரிந்த கைகள்தான் அவள் கடைசியாகப் பார்த்தது. பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து கல்தரையில் விழுந்தாள். இடது தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. வராண்டாவெல்லாம் ரத்தம், துடைக்க ஆள் இல்லை. காவலர்கள் பாலத்தின் மேல் சுட்டதில் நான்கு பேர் செத்திருந்தார்கள். தளபதியைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கால் போன ஒருவர் அதைச் சொன்னார். பிறகு தம்பி பெண்டாட்டி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏணிக்காரிக்குத் தெரிந்துவிட்டது.

"சிலை அவர் மேல விழுந்துடுச்சு" என்றாள் தம்பி பெண்டாட்டி. குரலில் ஈரமே இல்லை. "அவர் கூப்பிட்ட உடனே நீங்க இறங்கியிருந்தா அவர் அங்க நின்னிருக்க மாட்டார்."

அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் ஏணிக்காரி கேட்டாள்.

மறுநாள் பிணவறையில் உடம்பைக் கழுவ ஒருவரைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். ஒரு கை கட்டுக்குள் இருக்க, மற்றக் கையோடு அவள் போனாள். இருபத்தேழு வருடமாகக் கழுவிக் கழுவிப் பழகிய கை தானாகவே வேலை பார்த்தது. காதுக்குப் பின்னால், விரலிடுக்கு, நகக்கண். முதுகைத் திருப்பினாள். ஒரு சிராய்ப்பு இல்லை. பீடத்தில் முதுகு வைத்து நின்றவன். பின்னாலிருந்து தளபதியும் குதிரையும் விழுந்திருந்தால் முதுகு என்று ஒன்று மிஞ்சியிருக்குமா? காயம் ஒன்றே ஒன்று. இடது நெற்றிப் பொட்டில் ஒரு முஷ்டி அளவுக்கு மண்டை உள்ளே போயிருந்தது. முன்னால் நின்றவன் அடித்த அடி.

பஞ்சை நனைத்துக் காயத்தைத் துடைத்தாள். பஞ்சில் மணல் வந்தது. கறுப்பல்ல. கறுப்புக் கல் உதிராது. உடைந்தால் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகத்தான் போகும். இது சிவப்பு. தண்ணீரில் போட்டதும் கரைந்து அடியில் படிந்தது. பாலத்தில் சிவப்பாக உதிர்கிற கல் ஒன்றுதான்.

பிணவறைக்காரர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா அம்மா?"

"அஞ்சு டன் கல்லு விழுந்த உடம்பா இது? நீங்களே சொல்லுங்க."

அவர் வேறு பக்கம் பார்த்தார். "மேல இருந்து எழுதி வந்துச்சு. நான் என்ன பண்ண?"

அவள் ஒரு தீப்பெட்டியைக் காலி பண்ணி அந்த மணலை அதில் போட்டுக்கொண்டாள்.

சவ ஊர்வலத்தில் தென்கரையே திரண்டது. 'இருநூறு ஆண்டு கழித்தும் கொல்கிறான் தளபதி' என்று பலகை பிடித்து வந்தார்கள். செத்த தளபதி உயிரோடு இருப்பவனைக் கொன்றான் என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. தென்கரைக்குத் தியாகி கிடைத்தான். நகரசபைக்கு விபத்து கிடைத்தது. பெட்டியின் முன்பக்கத்தை வலது தோளில் தாங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதவன் தகரம். குழி மூடியதும் அவளிடம் வந்து கையைப் பிடித்தான். அவன் வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"என்னடா கையில?"

"கயிறு அறுத்துடுச்சுக்கா."

மூன்றாம் நாள் கட்டுப் போட்ட கையோடு பாலத்துக்குப் போனாள். தளபதி துண்டு துண்டாக நடைபாதையில் கிடந்தார். பீடம் நின்றது. இன்னும் மூன்று முகங்களுக்கு மூக்கு போயிருந்தது. அவள் அங்கே நிற்காமல் நேராக நீதிபதியிடம் போனாள். வலது கை மணிக்கட்டோடு இல்லை. அவள் கட்டிய கம்பியின் ஒரு முனை மட்டும் பிய்ந்து தொங்கியது.

அங்கிருந்தே காவல் நிலையத்துக்கு நடந்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். வேறு ஊரிலிருந்து விசாரணைக்கு வந்தவர். தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார், நகரசபைப் பதிவேட்டை வரவழைத்து மணிக்கட்டு விரிசலைப் பற்றிய ஆறு குறிப்பையும் படித்தார்.

"உங்க ஆளுங்கதான் கொன்னாங்கன்னு வந்தா உங்க தெருவிலேயே உங்களால இருக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்மா. யாரு கொன்னாங்கன்னு எனக்கு இன்னும் தெரியலை. சிலை கொல்லலை. அதை மட்டும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். செய்தி அன்று சாயங்காலத்துக்குள் தென்கரைக்கு வந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேரை அவளுக்குத் தெரியும். ஒருவனுக்கு அம்மை போட்டபோது அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். ஜன்னல், அலமாரி, தண்ணீர்ப் பானை, ஒன்றையும் விடவில்லை. தியாகியைக் கேவலப்படுத்தாதே என்றார்கள். "அவன் எப்படிச் செத்தான்னு கேட்டா கேவலமா?" என்று கேட்டாள். முடியைப் பிடித்து வாசல் வரை இழுத்து, அவள் இடது கையை நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு விரல் நசுங்கியது. பக்கத்து வீட்டுக் கதவுகள் அதற்கு முன்பே சாத்தியிருந்தன.

விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்ட கம்பவுண்டர், "கம்பி கிம்பி கிழிச்சிருக்கா? இல்லையே? கம்பின்னா ஒத்தைக் கோடா ஆழமா இருக்கும், ஊசி போடணும்" என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிறு இழுத்தவனுக்கு இரண்டு உள்ளங்கையும் உரியும். தகரம் ஒரு கையில்தான் துணி சுற்றியிருந்தான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தகரத்தின் பட்டறைக்குப் போனாள். வேலையாட்கள் வெளியே போயிருந்தார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து புகைபோக்கிக் குழாய்க்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"அக்கா, வாங்கக்கா. கையில என்ன?"

"உன் கையில என்ன? காட்டு."

"கயிறுதான் சொன்னேனே..."

"ரெண்டு கையையும் காட்டுடா."

இடது கை வழவழவென்று இருந்தது. வலது கையின் துணியை அவளே அவிழ்த்தாள். கட்டை விரலின் அடியிலிருந்து சுண்டு விரல் வரை ஒற்றைக் கோடு, ஆழமாக, ஓரத்தில் துரு ஏறி.

"இது என் கம்பி. நான் முறுக்கினது. முனையை மடிக்காம விட்டுட்டேன். இழுக்கிறவன் கையைக் கிழிக்கும்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தத் தகரக் குரல் எங்கே போனதோ, முனகலாகத்தான் வந்தது.

"நான் அவனை அடிக்கணும்னு எடுக்கலைக்கா. தளபதி மூஞ்சியில அடிக்கத்தான் நீதிபதி கையை உடைச்சு எடுத்தேன். இவன் வந்து கையை விரிச்சிட்டு நிக்கிறான். தள்ளிப் போடான்னேன். போகலை. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. உன் ஃப்ரெண்டு வடகரை ஆளு, நீயும் அவன் கூடத்தானான்னு கேட்டாங்க. ஒரே ஒரு அடிக்கா. தோள்லதான் ஓங்கினேன். அவன் குனிஞ்சிட்டான்."

"எதுக்குக் குனிஞ்சான்?"

"நீங்க விழுந்தீங்க. உங்களைப் பிடிக்க."

அவிழ்த்த துணியை அவள் அவன் மடியில் போட்டாள். பிறகு, "எழுந்திரு. ஸ்டேஷனுக்குப் போகலாம்" என்றாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க."

"அவனுக்கும் ஒண்ணு இருக்கு. எழுந்திரு."

அவன் எழுந்தான். எழுந்தவன் கையில் தகரம் வெட்டும் கத்தரி இருந்தது. அவளை வழியிலிருந்து விலக்கத்தான் ஓங்கினானா, வேறு எதற்காவதா, பிறகு அவனாலேயே சொல்ல முடியவில்லை. கத்தரி அவள் இடது முன்கையை எலும்பு வரை திறந்தது. அவள் பின்னால் சாய்ந்தாள். பெஞ்சில் கை பட்ட இடத்தில் சுத்தியல் இருந்தது. முதல் அடி அவன் மணிக்கட்டில். கத்தரி விழுந்தது. அவன் தலையால் முட்டிக்கொண்டு வந்தான். இரண்டாவது அடி தோளில். அவன் மண்டியிட்டான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "போதும்க்கா, போதும்" என்றான். மூன்றாவது அடியில் அவன் தாடை உடைந்தது.

தெருவில் இறங்கி, சுத்தியலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்டக் காவல் நிலையத்துக்கு நடந்தாள். வழியில் யாரும் அவளைத் தொடவில்லை.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. தாடையில் கம்பி போட்டிருந்ததால் தகரம் தன் வாக்குமூலத்தை எழுதித்தான் கொடுத்தான். கல் கையை நாலாவது வளைவுக்குக் கீழே எறிந்ததாக எழுதியிருந்தான். மணல் படகுக்காரர்கள் அதை எடுத்து வந்தார்கள். கம்பியின் மிச்சம் அதிலேயே சுற்றியிருந்தது. நாலு கிலோ எடை. அவனுக்கு ஒன்பது வருடம் கிடைத்தது.

அவள் மீதும் ஒரு வழக்கு இருந்தது. தற்காப்புக்குத்தானே அடித்தீர்கள் என்று அவளுடைய வக்கீல் வழி எடுத்துக் கொடுத்தார். அவள் நீதிபதியைப் பார்த்தாள், உயிருள்ள நீதிபதியை.

"முதல் ரெண்டு அடி உயிருக்குப் பயந்து அடிச்சேன். மூணாவது அப்படி இல்லை. அவன் போதும்னு சொன்னான். எனக்குப் போதலை. அதனால அடிச்சேன்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது அடிக்காக நான்கு மாதம் சிறை. போய் வந்தாள். உள்ளே சுவருக்கு வெள்ளையடிக்க ஏணி ஏற ஆள் தேடினார்கள் என்றும், அங்கேயும் தன்னை ஏணிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள் என்றும் பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை போயிருந்தது. எட்டு மாதம் லாரி ஷெட் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். அதற்குள் நகரசபை தளபதியின் துண்டுகளை ஒரு கிடங்கில் குவித்து, நடைபாதைக் கல்லோடும் வடிகால் கல்லோடும் கலந்துவிட்டிருந்தது. எது முழங்கால், எது குதிரைத் தாடை என்று வந்த நிபுணர்களுக்குத் தெரியவில்லை. புது ஓவர்சியர் நேரில் வந்து கூப்பிட்டார். தரையில் உட்கார்ந்து, தடவித் தடவி, நூற்று நாற்பத்திரண்டு துண்டைப் பதினோரு நாளில் பிரித்து வைத்தாள். பழைய வேலையும் திரும்பக் கிடைத்தது. தம்பியைக் கொல்லாத கல் என்பதால் அவளுக்கு அதன் மேல் கோபம் இல்லை, பிரியமும் இல்லை. பிறகு இரண்டு கரைக்காரர்களும் மாறி மாறிச் சண்டை போட்டதில், தளபதி கிடங்கிலேயே தங்கிவிட்டார். வெறும் பீடம் மட்டும் பாலத்தில் நின்றது. மேலே அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லாததால், போகிறவர்கள் முதல்முறையாகக் கீழே பார்த்தார்கள். முப்பத்தொரு முகங்களைத் தேடி வடகரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இரண்டு மூன்று பேர் ஏதாவது ஒரு முகத்தைக் காட்டி, எங்கள் வீட்டு மூக்கு மாதிரியே இருக்கிறது என்று சண்டைக்கு நின்றார்கள்.

நீதிபதிக்கு இன்னமும் வலது கை கிடையாது. அது சாட்சிப் பொருள். நீதிமன்ற அலமாரியில் எண் ஒட்டிக் கிடக்கிறது. திருப்பிக் கேட்டு அவள் எழுதிய மனுக்கள் பத்தைத் தாண்டிவிட்டன.

தம்பி பெண்டாட்டி ஐந்து வருடம் அவளோடு பேசவில்லை. குழந்தையையும் அனுப்பவில்லை. ஏணிக்காரி போய்க் கெஞ்சவும் இல்லை. ஆஸ்பத்திரியில் தம்பி பெண்டாட்டி சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்கே தோன்றியது. கூப்பிட்டவுடன் இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் முகங்கள் போயிருக்கும், தம்பி இருந்திருப்பான். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் ஒரு பக்கம்தான் கனத்தது. யாராவது கேட்டால் அதை ஒளிக்காமல் சொல்வாள். "தெரிஞ்சிருந்தா இறங்கியிருப்பேன். அவங்க ஏற்கெனவே செத்தவங்கதானே."

ஆறாம் வருடம் ஒரு மத்தியானம், மல்லர்களுக்கு நடுவே ஏணி போட்டுக் கழுத்திடுக்கில் தூரிகை விட்டுக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு குரல் கேட்டது.

"அவர் எங்க நின்னார்?"

தம்பி பெண்டாட்டி. கையில் கடைப் பை. தலை பாதி நரைத்திருந்தது.

ஏணிக்காரி இறங்கினாள். நசுங்கிய விரல் இரண்டும் மடங்காததால் அவள் இறங்க இப்போது நேரமாகும். வெறும் பீடத்துக்குக் கூட்டிப் போனாள். மூக்கு மச்சக்காரிக்கும் கண் மூடிய குழந்தைக்கும் நடுவில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

"இங்க. முதுகு இதுல பட்டுச்சு. கை ரெண்டும் இப்படி."

தம்பி பெண்டாட்டி பையைக் கீழே வைத்தாள். அந்த இடத்தில் போய் நின்று, முதுகைக் கல்லில் சாய்த்து, எதிரே பாலத்தைப் பார்த்தாள். பஸ் போயிற்று, சைக்கிள் போயிற்று. வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி, குழந்தை முகத்தின் மேல் படிந்திருந்த கரியைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனாள்.

"சேலை வேண்டாம், கறை போகாது" என்றாள் ஏணிக்காரி. "இரு, தூரிகை தர்றேன்."